நில அதிர்வே வராத ஊரில் நிலம் அதிர்ந்தால்: அனுபவப் பகிர்வு (பலர் எழுதிய குறிப்புகள், கோடுகளால் பிரித்துத் தரப்பட்டுள்ளன)

நில அதிர்வு பழக்கமில்லாத பகுதிகளில் அதை முதன்முறை உணர்ந்தவர்கள் சொல்வதைக் கவனித்திருப்பீர்கள். நாடு எதுவானாலும் முதல் வரி ஏறக்குறைய ஒன்றுதான். "சுவரில் லாரி மோதிவிட்டது என்று நினைத்தோம்." "மாடி வீட்டில் பீரோவை இழுக்கிறார்கள் என்று நினைத்தோம்." "எனக்குத்தான் தலைசுற்றல் என்று நினைத்தேன்." இப்படி நினைத்து முடிப்பதற்குள் பத்து நொடி போய்விடும். மிதமான அதிர்வு மொத்தமே அவ்வளவு நேரம்தான் நீடிக்கும். அதனால் அடையாளம் கண்டுகொள்வதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

அதிர்வு இரண்டு தவணையாக வரும். முதலில் வருவது பி அலை. பூமியின் மேலோட்டில் அது நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். தரையிலிருந்து ஒரு குத்து, ஜன்னல் கண்ணாடியில் கடகடப்பு, அவ்வளவுதான் தெரியும். அடுத்து வருவது எஸ் அலை. வேகம் குறைவு, நொடிக்குச் சுமார் மூன்றரை கிலோமீட்டர். பக்கவாட்டில் பிடித்து ஆட்டுவது இதுதான், சேதம் செய்வதும் பெரும்பாலும் இதுதான். குத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ண முடிந்தால் அதை 8-ஆல் பெருக்குங்கள். அதிர்வு மையம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் என்று தோராயமாகக் கிடைக்கும். ஐந்து நொடி என்றால் சுமார் 40 கிலோமீட்டர். இடைவெளியே இல்லாமல் குத்தும் ஆட்டமும் சேர்ந்து வந்தால் மையம் மிக அருகில்.

சத்தத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். குத்துக்கு முன்போ, அதனுடனோ இடி உருளுவது போலவோ வெடி வைத்தது போலவோ கேட்டால் அது பிரமை இல்லை. பி அலையில் வேகமான அதிர்வுகளும் உண்டு. அவை தரையிலிருந்து காற்றுக்குள் கடக்கும்போது காதுக்குக் கேட்கும். பழைய, இறுகிய பாறை நிலங்களில் இந்த வேகமான அதிர்வுகள் எளிதில் தேய்வதில்லை. ஆகவே அதிர்வு அரிதான நிலப்பரப்புகளில்தான் சத்தம் அதிகம் கேட்கிறது, வெகுதூரம் வரை உணரவும் படுகிறது. 2011 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 5.8 அளவில் வந்த அதிர்வு கனடா வரை உணரப்பட்டது. நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த வாஷிங்டன் நினைவுத் தூணில் விரிசல் விழுந்து, 2014 மே மாதம்தான் அதை மறுபடி திறந்தார்கள். அதே அளவு அதிர்வு கலிபோர்னியாவில் வந்திருந்தால் உணரும் பரப்பு இதில் சிறு பகுதியாகவே இருந்திருக்கும்.

உயரமான கட்டடத்தின் மேல் மாடியில் இருப்பவர்கள் உணர்வது வேறு மாதிரி. குத்தே தெரியாது, மெதுவான ஊசலாட்டம் மட்டும் இருக்கும். கட்டடம் ஒருமுறை ஆடி வர எடுக்கும் நேரம், மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் வரும் நொடிகள் என்று தோராயமாகக் கொள்ளலாம். இருபது மாடிக்கு இரண்டு நொடி. தொலைவில் வரும் பெரிய அதிர்வின் மெதுவான அலைகள் இந்தத் தாளத்தோடு பொருந்திவிடும். கீழே தெருவில் நடப்பவருக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கும்போது பதினைந்தாம் மாடியில் திரைச்சீலை ஆடுவது இதனால்தான். தலைசுற்றலா அதிர்வா என்று சந்தேகம் வந்தால் தொங்கும் விளக்கையோ பாட்டிலில் உள்ள தண்ணீரையோ பாருங்கள்.

—

மேலே சொன்னதன் தொடர்ச்சியாக, அந்தச் சில நொடிகளில் செய்ய வேண்டியது என்ன என்று எழுதுகிறேன்.

கான்கிரீட் கட்டடத்துக்குள் இருந்தால் ஓடாதீர்கள். முழங்காலிட்டுக் கீழே இறங்குங்கள், உறுதியான மேசைக்கு அடியில் தலையையும் கழுத்தையும் கொண்டுபோங்கள், மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிப்பதை மறந்துவிடக் கூடாது. ஆட்டத்தில் மேசை நகர்ந்து போய்விடும், நீங்கள் வெளியே கிடப்பீர்கள். மேசை இல்லாவிட்டால் ஜன்னலும் அலமாரியும் இல்லாத உட்சுவர் ஓரம் குனிந்து, இரு கைகளாலும் பின்கழுத்தை மூடிக்கொள்ளுங்கள். படுக்கையில் இருந்தால் இறங்க வேண்டாம். குப்புறத் திரும்பித் தலையணையால் தலையை மூடுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் பிரேக்கைப் பூட்டிவிட்டு முன்னால் குனிந்து கழுத்தை மறைக்க வேண்டும்.

வாசல் நிலைக்கு அடியில் நிற்கச் சொல்லும் அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைய வீடுகளில் நிலை மற்றச் சுவரைவிட வலுவானது இல்லை. கதவு அடித்துக் கை நசுங்குவதுதான் மிச்சம்.

ஓடுவது ஏன் ஆபத்து? எஸ் அலை உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் படிக்கட்டில் இருப்பீர்கள், அல்லது வெளிச்சுவரை ஒட்டிய நடைபாதையில் இருப்பீர்கள். கைப்பிடிச்சுவர், கண்ணாடி, பெயர்ப்பலகை எல்லாம் விழுவது அங்கேதான். ஏற்கெனவே வெளியில் இருந்தால் கட்டடத்தின் உயரத்துக்குச் சமமான தூரமாவது தள்ளிப் போங்கள், மின்கம்பிக்கு அடியில் நிற்காதீர்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் பாலமும் கம்பமும் இல்லாத இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, உள்ளேயே உட்கார்ந்திருங்கள். லிப்டில் மாட்டினால் எல்லா மாடிப் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் திறக்கும் மாடியில் இறங்கிவிடுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். மண்சாந்தில் கட்டிய கருங்கல் சுவர், மேலே கனமான மண்கூரை என்று இருக்கும் வீட்டில் மேசை உங்களைக் காப்பாற்றாது. 1993 செப்டம்பர் 30 விடியலுக்கு முன், உறுதியான நிலம் என்று கருதப்பட்ட மகாராஷ்டிரத்தின் கில்லாரி பகுதியில் சுமார் 6.2 அளவில் அதிர்வு வந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். கொன்றவை அந்தத் தடித்த சுவர்களும் கூரைகளும்தான். அப்படிப்பட்ட வீட்டில் தரைத்தளத்தில், திறந்தவெளிக்கு நாலு எட்டில் இருந்தால் முதல் குத்திலேயே வெளியேறுவதுதான் சரி. உங்கள் வீடு எந்த வகை என்று இன்றே முடிவு செய்து வையுங்கள், அந்த நொடியில் யோசிக்க நேரம் இருக்காது.

—

கட்டடங்களைப் பரிசோதிக்கும் துறையிலிருந்து சில விஷயங்கள்.

"அளவு ஐந்தரைதானே" என்று சொல்லி விட்டுவிட முடியாது. 1989 டிசம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 5.6 அளவில் வந்த அதிர்வில் 13 பேர் இறந்தார்கள். மொராக்கோவின் அகாதிரில் 1960 பிப்ரவரி 29 இரவு வந்ததன் அளவு 6-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் ஆழம் குறைவு, மையம் ஊருக்கு அடியிலேயே, கட்டடங்களும் பலவீனம். சுமார் 12,000 உயிர்கள் போயின.

நியூகாசிலில் சேதத்தை ஆராய்ந்தபோது தெரிந்த காரணங்கள் எல்லா ஊருக்கும் பொருந்தும். கம்பி இல்லாத செங்கல் சுவர்கள், வலுவற்ற சாந்து, அடியில் ஆற்று வண்டல். இரட்டைச் சுவர்களை இணைக்கும் உலோகப் பிணைப்புகள் பல இடங்களில் துருப்பிடித்து அற்றுப்போயிருந்தன. வெளியே பார்க்கச் சுவர் நன்றாகத்தான் இருந்தது. அதிர்வு வராத ஊரில் இந்தக் குறைகளை எவரும் தேடுவதில்லை. பல ஆண்டுகள் ஒன்றும் ஆகாததால் கட்டடம் நல்ல கட்டடம் என்ற பெயர் வாங்கிவிடுகிறது.

வீட்டில் முதலில் விழக்கூடியவை: மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர், புகைபோக்கி, கட்டாமல் வைத்த தண்ணீர்த் தொட்டி, பொய்க்கூரை, ஏசியின் வெளி யூனிட், உயரமான அலமாரி. அலமாரிக்கு உச்சியருகே இரண்டு எல் வடிவப் பட்டைகள் போதும். ஆனால் திருகு பூச்சுக்குள் நின்றால் பயனில்லை. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 50 மில்லிமீட்டர் போக வேண்டும். இரண்டு செங்கலுக்கு நடுவே உள்ள சாந்தில் துளை போட்டால் ஆட்டத்தில் அது கழன்றுவிடும். கனமான பொருட்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். கட்டிலின் தலைமாட்டுக்கு மேல் கண்ணாடி போட்ட படம் வேண்டாம். இரவில் கட்டிலுக்கு அருகே கனமான அடியுள்ள செருப்பும் கைவிளக்கும் இருக்கட்டும். இருட்டில் கண்ணாடித் துண்டுகளை மிதித்துப் பாதம் கிழிவது மிகச் சாதாரணமாக நடக்கும் காயம்.

அதிர்வுக்குப் பிறகு விரிசலைப் படிப்பது எப்படி? மயிரிழை அளவில் பூச்சில் மட்டும் ஓடும் விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாகப் பிளவு தெரிவதும் சகஜம். இரண்டும் வேறு வேறாக ஆடுவதால் அந்த இடம் விட்டுக்கொடுக்கிறது. ஜன்னல்களுக்கு நடுவே உள்ள சுவரில் பெருக்கல் குறி போல இரண்டு சாய்வு விரிசல்கள் வந்திருந்தால் அந்தச் சுவர் இரு பக்கமும் வெட்டுண்டிருக்கிறது, பொறியாளர் பார்க்க வேண்டும். தூணிலோ, தூணும் உத்தரமும் சேரும் முடிச்சிலோ சாய்வு விரிசல், கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிவது, கம்பி பிதுங்கி வளைந்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் சாமான் எடுக்கக்கூட உள்ளே போகாதீர்கள். நேற்றுவரை சரியாக மூடிய கதவு திடீரென மூட மறுத்தால் சட்டம் கோணியிருக்கிறது என்று அர்த்தம். கீழே சுவரே இல்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் கார் நிறுத்தும் தளம் இருந்தால், முதலில் அந்தத் தூண்களின் தலையையும் அடியையும் பாருங்கள். மேலே விறைப்பு, கீழே தளர்வு என்பதால் ஆட்டம் முழுக்க அங்கேதான் குவியும்.

விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பொறியாளர் பார்க்கும் முன் பூசி மறைத்துவிடாதீர்கள். பின்னதிர்வுக்குப் பிறகு அது நீண்டதா என்று தெரிய எளிய வழி அந்தப் பென்சில் கோடுதான்.

—

எரிவாயு பற்றி யாரும் எழுதவில்லை, ஆகவே இது. ஆட்டம் நின்றதும் அடுப்பை அணைத்து வால்வை மூடுங்கள். வாசனை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி வரும். கதவு ஜன்னலைத் திறந்து வெளியேறி, வெளியிலிருந்து அழையுங்கள். வாசனை இல்லாவிட்டால் குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே அடுப்பு. நலமாக இருப்பதை உறவினருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். நெரிசலில் அழைப்பு போகாதபோதும் குறுஞ்செய்தி போய்ச் சேரும்.

—

பின்னதிர்வு பற்றி: இது பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். பெரும்பாலான தொடர்களில் முதல் அதிர்வே பெரியது, பின்னதிர்வுகளில் மிகப் பெரியது அதைவிடச் சுமார் 1.2 அளவு குறைவாக இருக்கும். அளவில் 1 கூடினால் வெளிப்படும் ஆற்றல் 32 மடங்கு என்பதால் இது பெரிய குறைவுதான். எண்ணிக்கையும் நாளுக்கு நாள் குறையும். முதல் நாள் நூறு என்றால் பத்தாம் நாள் பத்து என்ற கணக்கில் சரியும். ஆனால் இது உறுதிமொழி இல்லை. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கில் 1988 ஜனவரி 22 அன்று பன்னிரண்டு மணி நேரத்துக்குள் 6-க்கு மேற்பட்ட மூன்று அதிர்வுகள் வந்தன, கடைசியாக வந்ததுதான் பெரியது. ஆகவே விரிசல் கண்ட கட்டடத்தில் முதல் இரவு தூங்க வேண்டாம். "இன்றிரவு இத்தனை மணிக்குப் பெரியது வரும்" என்று நேரம் குறித்து வரும் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். நேரத்தைக் குறித்து முன்னறிவிக்கும் முறை உலகில் எங்கும் இல்லை.

நேரத்தை முன்கூட்டிச் சொல்வது வேறு, கைப்பேசியில் வரும் எச்சரிக்கை வேறு. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அசைவு உணரிகள் பி அலையைப் பிடித்து, தொலைவில் இருப்பவர்களுக்கு எஸ் அலை வருமுன் சில நொடிகள் தருகின்றன. இருப்பிடமும் இணையமும் இயக்கத்தில் இருக்க வேண்டும். மையத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கு எச்சரிக்கை ஆட்டத்துக்குப் பிறகே வரும். அது பழுதில்லை, தூரம் போதவில்லை.

நீங்கள் உணர்ந்ததைப் பதிவு செய்வதும் முக்கியம். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் "டிட் யூ ஃபீல் இட்" பக்கம் எந்த நாட்டிலிருந்து எழுதினாலும் ஏற்கும். ஐரோப்பிய-மத்தியதரைக்கடல் நில அதிர்வு மையத்தின் "லாஸ்ட்க்வேக்" செயலியும் உண்டு. கருவிகள் அடர்த்தியாக இல்லாத பகுதிகளில் அதிர்வின் வரைபடமே இந்தப் பதிவுகளால்தான் முழுமையாகிறது. எழுதும்போது எந்த மாடி, உட்கார்ந்திருந்தீர்களா நடந்துகொண்டிருந்தீர்களா, தூக்கத்திலிருந்து விழித்தீர்களா, தொங்கும் பொருள் ஆடியதா, எது விழுந்தது, சத்தம் கேட்டதா, எத்தனை நொடி என்று சொல்லுங்கள். "ஒன்றும் உணரவில்லை" என்பதும் பயனுள்ள பதிவு. அது இல்லாவிட்டால் எல்லை எங்கே முடிகிறது என்று தெரியாது.

—

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அதிர்வுக்குப் பிறகு சில நாட்கள் தரை இன்னும் ஆடுவது போலவே தோன்றும். படுத்தால் கட்டில் மிதக்கும், உட்கார்ந்தால் நாற்காலி அசையும். காதின் உள்ளே உள்ள சமநிலை உறுப்பும் விழிப்பாக இருக்கும் மனமும் சேர்ந்து செய்வது இது, பலருக்கும் வரும். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றிக் கண் எதிரே வையுங்கள். தண்ணீர் அசையாவிட்டால் நிலம் அசையவில்லை. நடக்கும்போது தடுமாறினாலோ, வாந்தி இருந்தாலோ, இரண்டு வாரம் ஆகியும் விடாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். குழந்தைகளுக்கு இந்த டம்ளரைக் காட்டி, அவர்களையே பார்த்துச் சொல்ல வையுங்கள். பெரியவர்கள் "ஒன்றுமில்லை" என்று சொல்வதைவிட அவர்கள் கண்ணால் பார்ப்பதைத்தான் நம்புவார்கள்.