ஃபிஸ்டுலா: கூடுநாளம் எனலாமா?

அன்புடையீர்,

சிறுநீரகம் செயலிழந்தவரின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிப்பது டயாலிசிஸ். அதற்காகக் கையில் தமனியையும் (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்) சிரையையும் (இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) இணைத்து அமைப்பது ஃபிஸ்டுலா. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் சேலத்து நண்பர் முன்வைத்த 'தமனி-சிரைப் புரை' எனக்கு ஒப்பவில்லை. அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் புரை என்றதும் புரையோடிய புண்தானே நினைவுக்கு வருகிறது? இது நோய் அன்று. மருத்துவர் வேண்டுமென்றே அமைத்துத் தரும் வழி.

என் பெரியப்பா பவானியில் ஜமக்காளம் நெய்பவர். சர்க்கரை நோயால் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தன. மருத்துவமனைச் சீட்டில் 'ஃபிஸ்டுலா ஆபரேஷன்' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பேருந்து நிலையச் சுவரொட்டிகளில் மூலம், பௌத்திரத்தோடு வரிசையாக நிற்கும் சொல் அது. "பௌத்திரத்துக்கு எதற்குக் கையில் கத்தி வைக்கிறார்கள்?" என்று பெரியம்மா கேட்டார். செவிலியர் விளக்கினார்: "கையில் இரண்டு நரம்பைச் சேர்த்துத் தைப்பார்கள், அவ்வளவுதான்." நிலைமை இன்னும் மோசமாயிற்று. நரம்பு போனால் விரல் போகும், விரல் போனால் தறி போகும் என்று பெரியப்பா பத்து நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஊசி போடுகிறவர் சிரையைத் தேடும்போதும் 'நரம்பு கிடைக்கவில்லை' என்றுதான் சொல்கிறார். பேச்சு வழக்கை நாம் மாற்ற முடியாது. நாம் ஆக்கும் சொல்லாவது அந்தக் குழியில் விழாமல் இருக்கட்டும்.

உள்ளே நடப்பது இதுதான். மணிக்கட்டருகே தமனியோடு சிரையைத் தைத்துவிடுகிறார்கள். 1966இல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ முதலிய மருத்துவர்கள் வெளியிட்ட முறை. தமனியின் வேகத்தில் இரத்தம் பாயப் பாய, ஆறு வாரத்திலோ இரண்டு மூன்று மாதத்திலோ சிரை பருத்து அதன் சுவர் தடிக்கிறது. இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 200, 300 மில்லி இரத்தம் வேண்டும். சாதாரணக் கைச்சிரை அதற்கு ஈடுகொடுக்காது.

என் முன்மொழிவு: கூடுநாளம். காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறையில் குளித்து வளர்ந்தவனுக்கு வேறு சொல் எங்கிருந்து வரும்? கூடுதுறையைப் போலவே வினைத்தொகை. கூடிய, கூடுகின்ற, கூடும் எல்லாம் அதற்குள் அடக்கம். 'நாளமில்லாச் சுரப்பி என்கிறோமே, நாளம் என்றால் குழப்பம் வராதா?' என்று கோவை அம்மையார் கேட்டிருந்தார். இரத்த நாளம் என்றும் பாடநூல்தானே சொல்கிறது? உள்ளே புழையுள்ள தண்டு நாளம். தாமரைத் தண்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. இலத்தீன் ஃபிஸ்டுலாவுக்கும் குழல் என்றே பொருள். தேடாமலே பொருந்தி வந்தது.

பிறவியிலோ காயத்தாலோ தானாக உண்டாகும் தமனி-சிரைத் தொடர்புக்குப் 'புரை' இருந்துவிட்டுப் போகட்டும். ஆங்கிலம் பிரிக்காததை நாம் பிரித்துக்கொள்ளலாம். செயற்கைக் குழாய் வைத்து இணைத்தால் ஒட்டுநாளம். ஒட்டுமாங்கன்று வைத்தவருக்கு விளக்கமே வேண்டியதில்லை.

இணைத்த இடத்தில் கை வைத்தால் உள்ளே இரத்தம் பாய்வது விரலுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அது 'த்ரில்'. அதற்குச் 'சிலிர்ப்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, சிலிர்ப்பது நோயாளியா, நாளமா? தையல் ஆறியபின் மருத்துவர் பெரியப்பாவின் வலக்கை விரல்களை எடுத்து இடக்கைத் தழும்பின்மேல் வைத்து, என்ன தெரிகிறது என்றார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். "பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால் நம் வீட்டுச் சுவரில் தெரியுமே, அது" என்றார். ஆகவே அதிர்வு. காது வைத்தால் கேட்பது இரைச்சல். நாள்தோறும் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் சிலிர்ப்பையா தேடச் சொல்வது?

சொல்லைச் சோதிக்க ஓர் அட்டை எழுதிப் பெரியப்பாவின் சட்டைப்பையில் வைத்தேன்: 'இடக்கையில் டயாலிசிஸ் கூடுநாளம் உள்ளது. இந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டாம், ஊசி குத்த வேண்டாம்.' சென்ற வாரம் இரத்தம் எடுக்க வந்த பெண் அதைப் படித்துவிட்டு, எதுவும் கேட்காமல் வலக்கையை நீட்டச் சொன்னாராம்.

பெரியப்பா மட்டும் அதைக் கூடுதுறை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.