குருவிக்காட்டு ஓரத்துப் பார்த்தீனியம்: செருக்கிறதோ, பிடுங்கிறதோ?

தென்மராட்சியான்:
சரசாலையில பறவையள் கூடுற ஈரநிலமான குருவிக்காட்டுப் பக்கம் றோட்டுக்கரையிலும் வயல் வரம்பிலும் பார்த்தீனியம் எண்ட களை மண்டிக் கிடக்கு. மாரி துவங்கினதும் இருபது பேர் சேர்ந்து ஒருநாள் சிரமதானம் செய்ய யோசிக்கிறம். மண்வெட்டியால செருக்கினால் காணுமோ? உப்புத்தண்ணி அடிக்கலாமோ? குருவியளுக்கு இடைஞ்சல் வராமல் எந்த மாதம் நல்லம்?

வரம்புமண்:
செருக்க வேண்டாம். தண்டு போனாலும் நிலமட்டத்தில குருத்துத் தப்பினால் ஒண்டுக்கு நாலாய் வெடிக்கும். ஆணிவேரோட எடுக்கவேணும். மழை விட்டு இரண்டாம் மூண்டாம் நாள், மண் இளகியிருக்கேக்க, இலை தரையோட வட்டமாப் படர்ந்து நிக்கிற பருவத்தில பிடுங்குங்கோ. இழுத்து வராட்டில் பக்கத்தில அலவாங்கால ஒரு குத்து.

முளைச்சு நாலு கிழமையிலயே பூக்கத் துவங்கிவிடும். நல்லா வளர்ந்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல கொட்டும். அதால ஒருநாள் சிரமதானம் படம் எடுக்கத்தான் உதவும். முதல் மழைக்குப் பிறகு மூண்டு கிழமைக்குள்ள ஒருக்கா, பிறகு தை முடியுமட்டும் மூண்டு கிழமைக்கு ஒருக்கா. இருபது பேர் ஒரு தரம் வாறதிலும் ஐஞ்சு பேர் நாலு தரம் வாறது மேல்.

றப்பர் கையுறை போடுங்கோ, துணியுறையில சாறு ஊறும். நீளக்கை சேட்டு, முகக்கவசம் கட்டாயம். தொய்வு வருத்தக்காரரையும் தோல் கடிக்கிற ஆக்களையும் இதில விடாதேங்கோ.

கிணத்தடி:
உப்பைப் பற்றி. லீற்றருக்கு 200 கிராம் கறியுப்புக் கரைச்சு அடிச்சால் இலை கருகும், உண்மை. ஆனால் அந்த உப்பு எங்க போகும்? எங்கட நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல். மேல ஊத்திறது கிணத்துக்குத்தான் இறங்கும். வயல் வரம்பில அடிச்சால் நெல்லும் சேர்ந்து வாடும். களைநாசினியும் நீர்க்கரையில வேண்டாம்.

பிடுங்கின இடம் வெறுமனே கிடந்தால் அடுத்த மழைக்குத் திரும்பவும் அதுதான் முளைக்கும். தகரைச் செடி முளைச்சால் விட்டுவையுங்கோ, நெருக்கமா வளர்ந்து பார்த்தீனியத்தை அமத்தும். அதோட கிரவல், மாட்டெரு ஏத்தி வாற வாகனச் சில்லுச் சேத்தையும் பாருங்கோ, விதை அதில ஒட்டித்தான் ஊர் ஊராப் போகுது.

ஆட்காட்டி:
ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை செய்யிறது குருவியளுக்கும் நல்லம். ஆட்காட்டிக் குருவி பெரும்பாலும் மார்ச்சிலிருந்து ஓகஸ்ட் வரைதான் முட்டையிடும். அது கூடு கட்டாது. வெறுந்தரையில சின்னப் பள்ளம், அநேகமா நாலு முட்டை, மண்நிறத்தில புள்ளி. மிதிச்ச பிறகுதான் தெரியும். தலைக்கு மேல சுத்திச்சுத்திக் கத்தினால் வந்த வழியே திரும்புங்கோ, தேடப்போகாதேங்கோ. தாய் எழும்பி நிக்கிற நேரம் வெயிலில முட்டை அவியும்.

மாரியில வேற கவனம். வலசை வந்த உள்ளானும் வாத்தும் காலமை இரை தேடுற நேரம், ஒன்பது மணிவரைக்கும் றோட்டுப்பக்கத்தில வேலை செய்யுங்கோ. மேயிற கூட்டம் ஒருமிக்கத் தலை தூக்கினால் கிட்டப் போட்டியள் எண்டு அர்த்தம்.

இன்னொண்டு: துப்புரவு எண்ட பேரில ஈச்சம்பத்தையையும் சூரைமுள்ளையும் வெட்டிப்போடாதேங்கோ. கவுதாரி ஒதுங்கிறது அதுக்குள்ளதான். இலங்கையில வடக்கு, வடமேற்கு வறண்ட பக்கம் விட்டால் அந்தக் குருவியைக் காணேலாது.

சுண்டிக்குளத்திலயும் செய்ய நினைச்சால், அது 1938இல சரணாலயம், 2015இல தேசிய பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்திட்ட அனுமதி எடுக்காமல் ஒரு செடியிலும் கைவைக்கேலாது.

தென்மராட்சியான்:
நன்றி. பூத்த செடியைக் கொளுத்தலாமோ?

வரம்புமண்:
பச்சையாக் கொளுத்தினால் எரியாது, விதைதான் கொட்டுப்படும், புகையும் நெஞ்சுக்குக் கூடாது. பூத்ததை உலுப்பாமல் நிண்ட இடத்திலயே உரப்பைக்குள்ள திணிச்சு வாயைக் கட்டி, மூண்டடிக் குழியில தாழுங்கோ. 5 சென்ரிமீற்றருக்குக் கீழ போன விதை முளைக்காது, ஆனால் வருசக்கணக்கா உயிரோட கிடக்கும். அந்த இடத்தைப் பிறகு பெக்கோ விட்டுக் கிளறாதேங்கோ. பூக்காத செடியைப் பிடுங்கி வேர் மேல தெரியக் கவிழ்த்து விட்டால் வெயிலில காஞ்சிடும்.