'வாய்பாடு' போதுமா? ஹோமரின் தொடர்களுக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியத், ஒடிசி ஆகிய காவியங்களைப் பற்றிய ஆய்வில், அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் ஆயத்தத் தொடரை 'ஃபார்முலா' என்பார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் 'அடைத்தொடர்', 'நிலைத்தொடர்', 'வார்ப்புத்தொடர்' ஆகிய பரிந்துரைகளும் வந்துள்ளன; எனினும் 'வாய்பாடு' என்பதே போதும் என்ற கருத்து வலுப்பெற்று வருகிறது. நாட்டார் வழக்காற்றியல் எழுத்துகளில் அச்சொல் முன்பே புழங்குவதால், புழக்கத்தில் உள்ளதைக் கலைக்க வேண்டாம் என்பதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் யாப்பிலக்கணம் படித்த எவருக்கும் 'வாய்பாடு' என்பது வேறொரு திட்டவட்டமான பொருளைத் தரும் சொல். அந்தப் பொருளும் நாம் பெயரிட முயலும் பொருளும் ஒரே பாடலடியில் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன என்பதே என் தயக்கம்.

குறிஞ்சிப் பாடல்களில் வரும் 'குன்ற நாடன்' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். இதன் வாய்பாடு என்ன என்று கேட்டால் தமிழாசிரியர் தயங்காமல் 'தேமா தேமா' என்பார். அமெரிக்க அறிஞர் மில்மன் பேரியின் நோக்கிலோ 'குன்ற நாடன்' என்ற சொற்களே ஃபார்முலா. தேமா என்பது சொற்களை நீக்கிவிட்டு ஓசையின் அளவை மட்டும் காட்டும் வெற்றுச்சட்டம். பேரி சொல்வது அந்தச் சட்டத்தில் பொருந்தி உறைந்துவிட்ட சொற்கள். ஒன்று அளவுகோல், மற்றொன்று அளக்கப்படும் பொருள். இரண்டிற்கும் ஒரே பெயர் இட்டால், கிரேக்க யாப்பைத் தமிழில் விளக்கும் கட்டுரை இரண்டாம் பத்தியிலேயே குழம்பிவிடும்.

பேரி 1928-இல் பாரிஸில் அளித்த ஆய்வேட்டில் ஹோமரின் மரபான அடைமொழிகளை ஆராய்ந்தார். பின்னர் அவர் வகுத்த வரையறையின் சாரம் இது: ஓர் அடிப்படைக் கருத்தை உணர்த்துவதற்காக, ஒரே யாப்புச் சூழலில் வழக்கமாகக் கையாளப்படும் சொற்கூட்டம். இதில் கருத்து, யாப்பு, வழக்கம் ஆகிய மூன்றும் உள்ளன. யாப்பை எடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் மரபுத்தொடர்தான்.

யாப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அக்கிலீஸ், ஒடிசியஸ் ஆகிய இரு காவிய வீரர்களின் பெயர்களே காட்டிவிடும். கிரேக்க வடிவில் இரண்டும் குறுகிய ஓர் அசையும் நெடிய ஈரசையுமாக ஒரே அளவுடையவை. (அசை என்று நான் சொல்வது கிரேக்கக் கணக்கில் ஓர் உயிரொலி அலகு, நம் நேரசை, நிரையசையோடு இதைக் கலக்க வேண்டாம்.) ஆறு சீர் கொண்ட அடியின் இறுதியில் ஐந்து அசைக்கு இடமிருந்தால், பாடகர் 'தீயோஸ்', அதாவது 'தெய்வத்தன்மை வாய்ந்த', என்ற அடைமொழியை இருவருக்கும் தருகிறார். ஏழு அசைக்கு இடமிருந்தால் ஒருவன் 'விரைந்த கால்களையுடைய அக்கிலீஸ்', மற்றவன் 'பல சூழ்ச்சி அறிந்த ஒடிசியஸ்' ஆகிறான். இவ்விரு தொடர்களும் அசைக்கு அசை ஒத்த அளவுடையவை. எட்டு அசைக்கு இடமிருந்தாலும் அதற்கும் ஆளுக்கொரு தொடர் ஆயத்தமாக உள்ளது. ஓர் இடத்திற்கு ஒரு பெயரைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒரே தொடர்தான் உண்டு. இதையே பேரி சிக்கனம் என்று கண்டார். எந்த அடைமொழி வரும் என்பதைக் கதைச் சூழலைவிட அடியில் எஞ்சியிருக்கும் இடமே தீர்மானிக்கிறது.

இலியத்தின் ஒன்பதாம் பகுதியில், போரிலிருந்து விலகி நிற்கும் அக்கிலீஸை மீண்டும் அழைக்க, ஒடிசியஸ் உள்ளிட்ட தூதுவர்கள் அவன் குடிலுக்கு வருகின்றனர். விருந்துண்டு, ஒடிசியஸுக்கு எதிரே அமர்ந்திருந்து அக்கிலீஸ் தன் புகழ்பெற்ற மறுப்புரையைத் தொடங்கும் அந்த அடியிலும் 'விரைந்த கால்களையுடைய அக்கிலீஸ்' என்றே காவியம் சொல்கிறது. அந்த அடியின் முற்பாதி 'அவனுக்கு மறுமொழியாக உரைத்தான்' என்று பொருள்படும் மற்றொரு தொடர். அதே முற்பாதியோடு 'பல சூழ்ச்சி அறிந்த ஒடிசியஸ்' இணைவதை ஒடிசியில் மீண்டும் மீண்டும் காண்கிறோம். முற்பாதியில் அடைமொழியே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். 'அடைத்தொடர்' என்ற பரிந்துரையை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். அடைமொழி பெற்ற பெயர்கள் ஃபார்முலாவின் ஒரு வகை மட்டுமே.

'நிலைத்தொடர்' என்ற பரிந்துரை எளிமையானது, ஆனால் யாப்பைச் சொல்லாமல் விடுகிறது. 'வார்ப்புத்தொடர்' அழகாக இருக்கிறது. எனினும் அதுவும் யாப்பைச் சுட்டவில்லை என்பதோடு, தேய்வழக்கு என்ற இழிவுப் பொருளையும் எளிதில் ஏற்றுக்கொள்ளும். அந்த இழிவிலிருந்து ஹோமரை மீட்டதுதான் பேரியின் பணி. 1933 முதல் 1935 வரை அவர் யூகோஸ்லாவியாவில், தம் மாணவர் ஆல்பர்ட் லார்டின் துணையோடு, எழுத்தறியாப் பாடகர்களின் பாடல்களைப் பதிவு செய்தார். பியேலோ போல்யே ஊரைச் சேர்ந்த அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் 12,000 அடிகளுக்கு மேற்பட்ட ஒரே பாடலை வாய்மொழியாகச் சொல்லித் தந்தார். அது ஏறத்தாழ ஒடிசியின் அளவு. அவர் அதை மனப்பாடமாக ஒப்பிக்கவில்லை. கையிலுள்ள தொடர்களைக் கொண்டு சொல்லும்போதே யாத்தார்.

'யாத்தார்' என்ற வினையிலேயே நாம் தேடும் சொல் இருக்கிறது. யாப்பு என்றால் கட்டு. எனவே 'யாப்புத்தொடர்' என்பதை முன்வைக்கிறேன். செய்யுளில் வரும் எந்தத் தொடரையும் இச்சொல் குறிக்கக்கூடுமே என்ற எதிர்ப்பு வரும். பொதுப்பொருளில் அதற்கு வேறு சொற்கள் இருப்பதால், வரையறுத்து ஆளத் தொடங்கியதும் இச்சொல் தன் இடத்தில் நிலைத்துவிடும் என்று நம்புகிறேன். 'யாப்புத்தொடர்க் கோட்பாடு', 'யாப்புத்தொடர்த் தொகுதி' என்று விரிவதிலும் இடர்ப்பாடு இல்லை.

இச்சொல் வேறுபாடுகளைக் காட்டவும் உதவும். ஹோமரைப் பின்பற்றி இலத்தீனில் ஈனியத்தைப் படைத்த வெர்ஜில் தம் தலைவனைக் 'கடமை தவறாத ஈனியாஸ்' என்று பலமுறை அழைக்கிறார். அவர் ஓர் அடியை எழுதித் திருத்திச் செதுக்கியவர்; அடைமொழியை இடமறிந்து, பொருளறிந்து வைத்தவர். அது அடைமொழிதான், ஆனால் யாப்புத்தொடர் என்று அதைச் சொல்ல நான் துணியமாட்டேன். நம் பக்கத்தில், ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்க அறிஞரிடம் பயின்ற க. கைலாசபதி, 1968-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் சங்கப் பாடல்களை இந்தக் கோட்பாட்டின் வழியே வாசித்தார். அவற்றின் மீள்தொடர்கள் வாய்மொழி யாப்பின் விளைவா, அந்த மரபைத் தழுவி எழுதிய புலவர்களின் கைத்திறனா என்ற கேள்வியில் அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. அக்கேள்வியைத் தமிழிலேயே துல்லியமாகக் கேட்க வேண்டுமானால், தேமாவையும் 'குன்ற நாடன்' என்ற தொடரையும் பிரித்துக் காட்டும் இரு சொற்கள் நமக்குத் தேவை.

தொடர் அளவில் நான் விலக்கிய 'வார்ப்பு' என்ற சொல்லைக் காட்சி அளவில் ஏற்கலாம் என்றும் பரிந்துரைக்கிறேன். இலியத்தில் பாரிஸ், அகமெம்னன், பேட்ரோக்ளஸ், அக்கிலீஸ் ஆகிய நால்வர் போர்க்கோலம் பூணும் காட்சிகள் விரிவாக வருகின்றன: காற்கவசம், மார்புக்கவசம், வாள், கேடயம், தலைக்கவசம், ஈட்டி என்பதே அடிப்படை வரிசை. இங்கே திரும்ப வருவது சொற்களின் அளவன்று, நிகழ்ச்சிகளின் ஒழுங்கு. ஆகவே 'காட்சிவார்ப்பு' பொருந்தும். வார்ப்பு என்பதால் உயிரற்றது என்று பொருளாகாது. நண்பன் அக்கிலீஸின் கவசங்களை எல்லாம் அதே வரிசையில் அணியும் பேட்ரோக்ளஸ், ஈட்டிக்கு வரும்போது மட்டும் அக்கிலீஸின் பேரீட்டியை விட்டுவிடுகிறான். அதை அக்கிலீஸ் ஒருவனால்தான் ஏந்த முடியும். வரிசையை ஏற்கெனவே அறிந்த கேட்பவர்கள், அவன் திரும்பி வரமாட்டான் என்பதை அந்த ஓர் இடைவெளியிலேயே உணர்ந்திருப்பார்கள்.