விண்வெளிக் குப்பைத் துண்டின் வடிவமும் மோதும் நிலையும் துளைப்பை எவ்வளவு மாற்றும்?

கேள்வி:
விண்கலங்களைக் காக்கும் விப்பிள் கவசத்தின் தாங்குதிறனைப் பெரும்பாலும் அலுமினியக் கோளங்களைச் செலுத்தித்தான் சோதிக்கிறார்கள் என்று படித்தேன். செயற்கைக்கோள் உடையும்போது கோளங்களா உண்டாகின்றன? வளைந்த தகடுகளும் சிம்புகளும் கம்பித் துணுக்குகளும் அல்லவா மிஞ்சுகின்றன? நிறையும் வேகமும் மாறாதிருக்க, வடிவமும் மோதும் நிலையும் மட்டும் மாறினால் துளைப்பு எவ்வளவு மாறும்?

பதில் 1:
கணிசமாக மாறும். 1 மி.மீ. விட்டமும் 10 மி.மீ. நீளமும் உள்ள ஓர் ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பொருளில் அதே நிறையுள்ள கோளத்தின் விட்டம் ஏறத்தாழ 2.5 மி.மீ. ஊசி நுனியை முன்னிட்டு வந்தால், அது மோதும் பரப்பு கோளத்தினுடையதில் ஆறில் ஒரு பங்குதான். தடித்த ஒற்றைச் சுவரில், மிகு வேகத்தில், துளையின் ஆழத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை பாயும் திசையில் துண்டுக்குள்ள நீளமும் இரு பொருள்களின் அடர்த்தி விகிதமுமே. ஆகவே நுனியாக வரும் ஊசி ஆழமாக இறங்கும். கிடையாக வரும் அதே ஊசி ஆழமற்ற நீண்ட பள்ளத்தையே விட்டுச்செல்லும்.

பதில் 2:
மேலே சொன்னது ஒற்றைச் சுவருக்குப் பொருந்தும். 1940-களில் ஃபிரெட் விப்பிள் முன்வைத்த கவசம் வேறு வகையில் இயங்குகிறது: மெல்லிய முன்தகட்டில் மோதும் துண்டுக்குள் அதிர்வலை பாய்ந்து அதை நொறுக்க, அந்தத் துகள்மேகம் இடைவெளியில் விரிந்து, பின்சுவரின் மீது பரவலாக விழுகிறது. நீண்ட துண்டு நுனியாக வரும்போதுதான் சிக்கல் எழுகிறது. தகடு மெல்லியது என்பதால், அதன் பின்பரப்பிலிருந்து திரும்பும் தளர்வலை (அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு பாயும் அலை) அதிர்வலையைத் துரத்திப் பிடித்து வலுவிழக்கச் செய்துவிடும். ஊசியின் வால்பகுதி நொறுங்காமலே பின்சுவரை அடையக்கூடும். விளிம்பை முன்னிட்டு வரும் தகட்டுத் துண்டையும் இவ்வாறே அஞ்ச வேண்டும் என்பது என் கருத்து.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் ‘4 மி.மீ. துண்டு’ என்று அறிக்கைகள் குறிப்பிடும்போது எந்த அளவைச் சொல்கிறார்கள்?

பதில் 2:
பொதுவாக, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று அளவுகளின் சராசரியை. மேற்கண்ட ஊசிக்கு (10+1+1)/3, அதாவது 4 மி.மீ. அதே பொருளாலான 4 மி.மீ. கோளமோ அந்த ஊசியைப் போல நான்கு மடங்குக்கும் மேல் நிறையுடையது. ஒரே எண்ணுக்குள் இத்தனை வேறுபாடு ஒளிந்திருப்பதை நாம் மறக்கவே கூடாது.

பதில் 3:
இந்தக் குறையை உணர்ந்தே 2014-இல் டெப்ரிசாட் சோதனையை நடத்தினார்கள். 56 கிலோ எடையுள்ள மாதிரிச் செயற்கைக்கோளை வினாடிக்கு 6.8 கி.மீ. வேகத்தில் மோதி உடைத்து, துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து, வடிவத்தையும் பொருளையும் பதிவு செய்தார்கள். எண்ணிக்கையில் மிகுந்திருந்தவை கார்பன் இழைச் சிதறல்கள். சுழன்றபடி வரும் துண்டு எந்த நிலையில் மோதும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. எல்லாத் திசைகளிலும் சராசரி எடுத்தால், குழிவற்ற எந்த வடிவத்துக்கும் எதிர்ப்படும் பரப்பு அதன் மொத்தப் புறப்பரப்பில் நான்கில் ஒன்று. ஆனால் கவசம் சராசரி நிலையில் தோற்பதில்லை. அரிதாக நேரும் அந்த நுனிநிலையில்தான் தோற்கிறது. எனவே ஒவ்வொரு நிலைக்கும் உரிய நிகழ்தகவோடு கணக்கிடுவதே முறை.