லிவர் டெஸ்ட் நார்மல், ஆனா 'கல்லீரல்ல சி (சீன மருத்துவம் சொல்ற உயிர்சக்தி) தேங்கியிருக்கு'ன்னு சொல்றாங்க, பயப்படணுமா?

மழைக்குருவி:
எல்லாருக்கும் வணக்கம். ஆறேழு மாசமா விலா எலும்புக்குக் கீழ இறுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு, வலின்னு சொல்ல முடியாது, உள்ள ஏதோ உப்பி நிக்கிற மாதிரி, ஒருநாள் வலது ஒருநாள் இடதுன்னு இடம் மாறுது. சாப்பிட்டுட்டு இருக்கும்போதே தன்னால பெருமூச்சு வருது, வீட்ல என்ன கவலைன்னு கேக்குறாங்க, ஒண்ணுமில்லங்கிறேன், ஆனா சின்ன விஷயத்துக்கெல்லாம் கோவம் பொத்துக்கிட்டு வருது. பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி இன்னும் மோசம், மார்பு கனத்துப்போயிடும். டாக்டர் ரத்த டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் பாத்துட்டு லிவர் நல்லா இருக்குன்னுட்டார். அக்குபங்சர் பண்றவங்க மணிக்கட்டுல மூணு விரல் வச்சு, நாக்க நீட்டச் சொல்லிப் பாத்துட்டு கல்லீரல்ல சி தேங்கியிருக்குங்கிறாங்க. யார் சொல்றத நம்புறது?

ஊசிமுனை:
பயப்படாதீங்கம்மா, ரெண்டு பேரும் வேற வேற கல்லீரலப் பத்திப் பேசுறாங்க. சீன மருத்துவத்துல 'கான்'ங்கிறது ஸ்கேன்ல தெரியிற உறுப்பு மட்டும் இல்ல, சி தடையில்லாம ஓடுறதப் பாத்துக்கிற ஒரு வேலைக்கும் அதே பேருதான். ஹுவாங்தி நெய்ஜிங்ங்கிற பழைய சீன மருத்துவ நூல்ல கல்லீரலுக்குப் படைத்தளபதி பதவியே குடுத்திருக்காங்க. அவங்களோட ஐந்து மூலகக் கணக்குல கல்லீரலுக்கு மூலகம் மரம், காலம் வசந்தம், முளை மேல வரத் துடிக்கும்போது மேல கல்லத் தூக்கி வச்சா எப்படி இருக்கும், அதுதான் அடக்கி வச்ச கோபம்னு புரிஞ்சுக்கோங்க. ரத்தத்தச் சேமிக்கிறதும் கல்லீரல்தான்னு அவங்க கணக்கு, அதனாலதான் பீரியட்ஸோட சேந்து ஏறி இறங்குது. இதுல நாடி வில்லோட நாண் மாதிரி விறைப்பா இருக்கும்பாங்க. மரம் மண்ண அழுத்தினா, அதாவது கல்லீரல் மண்ணீரல நெருக்கினா, வயிறு உப்புசம், டென்ஷன் ஆனா வயித்தால போறதுன்னு வரும். ரொம்ப நாள் தேங்கினா சூடா மாறி வாய் கசக்கும், கண் சிவக்கும். ஒண்ணு கேக்கணும், பெருமூச்சு விட்டதும் கொஞ்சம் லேசாகுதா?

தூரத்துநிலா:
எனக்குத் தொண்டையில வந்துச்சு. சாதாரணமா சாப்பாடு இறங்கும், எச்சில் முழுங்கினா மட்டும் ஏதோ அடைச்சு நிக்கும். எண்டோஸ்கோபியில ஒண்ணும் இல்ல. சீனத்துல இதுக்கு ப்ளம் கொட்டை சின்னு பேரே இருக்காம், கேட்டப்போ அழுகையே வந்துடுச்சு, யாரோ ஒருத்தர் நம்மள நம்பிட்டாங்கன்னு. பாதத்துல கட்டைவிரல் எலும்பும் பக்கத்து விரல் எலும்பும் சேர்ற பள்ளத்துல, தைசோங்னு ஒரு புள்ளி, அங்க அழுத்தினாங்க, சுரீர்னு கால இழுத்துக்கிட்டேன். ஒரே வாரத்துல சரியாகல, மாசக்கணக்காச்சு, கூடவே வீட்ல மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சேன், எது வேலை செஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல.

கசப்புவேர்:
மருந்து விஷயம் மட்டும் சொல்றேன். இதுக்கு முதல்ல சொல்றது சியாவ்யாவ் சான், சோங் வம்சத்து அரசு மருந்தகத் தொகுப்புல இருந்து வர்ற பழைய கலவை, சைஹு, தாங்குயிங்கிற மூலிகை வேர்கள், அதிமதுரம், இஞ்சி, புதினா வகை எல்லாம் சேரும். பேருக்கு அர்த்தமே கவலையில்லாம உலாவுறதுன்னு வரும். அதுக்காக ஆன்லைன்ல நீங்களே வாங்கிச் சாப்பிடாதீங்க ப்ளீஸ். தாங்குயி, ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற வார்ஃபரின் மாத்திரையோட சேந்தா ரத்தக்கசிவு ஆபத்து, அதிமதுரம் அதிகமானா பிரஷர் ஏறும். ஹெ ஷோ வூங்கிற வேர் நிஜமான லிவரையே கெடுத்த கேஸ் பதிவாகியிருக்கு. கண் மஞ்சளானா, சிறுநீர் கருத்துப்போனா, காரணமில்லாம எடை குறைஞ்சா அது சி விஷயம் இல்ல, நேரா டாக்டர்கிட்ட ஓடுங்க. எனக்கு இந்த வைத்தியத்து மேல மதிப்பு உண்டு, அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

மழைக்குருவி:
ஊசிமுனை அண்ணா, ஆமா, மூச்சு விட்டதும் ரெண்டு நிமிஷம் லேசாகுது, அப்புறம் திரும்ப இறுக்கிடும். யோசிச்சுப் பாத்தா ஆபீஸ்ல ஒரு விஷயத்த வாயத் திறக்காம முழுங்கினேன், அதுக்கப்புறம்தான் இது ஆரம்பிச்சுது. கசப்புவேர், நான் தைராய்டு மாத்திரை போடுறேன், அக்குபங்சர் பண்றவங்ககிட்ட சொல்லவே இல்ல, வியாழக்கிழமை போனதும் முதல்ல அதச் சொல்லிடுறேன்.