அப்பாவிடம் உயில் பேச்சை எப்படி எடுப்பது? ஆஸ்பத்திரி விஷயத்தையும் அதிலேயே எழுதலாமா?

கருங்கல் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம், சிஎஸ்ஐ சபை கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவுக்கு 79 வயது, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், இன்னும் தனியாகவே பேங்குக்கும் கோயிலுக்கும் நடந்து போய் வருகிறார். அம்மா போன வருஷம் தவறிவிட்டார். அண்ணன் குவைத்தில், தங்கை திருவனந்தபுரத்தில், அப்பாவோடு இருப்பது நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும். சொத்து என்று பார்த்தால் வீடு நிற்கிற 18 சென்ட், அருமனை பக்கம் ஒரு ரப்பர் விளை (தோட்டம்), பேங்கில் கொஞ்சம் டெபாசிட். எல்லாம் அப்பாவின் சுய சம்பாத்தியம்.

அம்மாவுக்குக் கடைசியில் நடந்ததை நினைத்துத்தான் இதைக் கேட்கிறேன். ஐசியூ வாசலில் வைத்து வென்டிலேட்டர் போடலாமா என்று டாக்டர் கேட்டார். அண்ணன் போனில் "எவ்வளவு செலவானாலும் பாரு, நான் வந்துட்டு இருக்கேன்" என்று அழுகிறான், அப்பாவோ அம்மாவின் செருப்பைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு "போதும் மக்கா, வீட்டுக்குக் கொண்டு போவோம்" என்கிறார். கையெழுத்துப் போட வேண்டியது நான். அம்மா இதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அண்ணன் சொன்னபடிதான் செய்தோம், அதற்காக அப்பா இன்றைக்கும் அவனிடம் சரியாகப் பேசுவதில்லை.

இப்போது அப்பா தானாகவே "எனக்கு அந்தக் குழாய் ஒண்ணும் மாட்டக்கூடாது" என்கிறார். சரி, எழுதி வைப்போம் என்றால் எழும்பிப் போய்விடுகிறார். உயில் என்ற வார்த்தையை நான் எடுத்தால் பங்கு கேட்கிறேன் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள், ஏனென்றால் எனக்கும் தங்கைக்கும் நகையும் ஸ்ரீதனமும் கொடுத்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள், பெண்பிள்ளைகளுக்கு இனி ஒன்றும் கிடையாது என்பதுதான் சித்தப்பா வீட்டுக் கணக்கு. இது சட்டப்படி சரியா? வென்டிலேட்டர் வேண்டாம், அம்மா பக்கத்தில் அடக்கம் செய்யணும் என்பதையெல்லாம் உயிலிலேயே எழுதிவிடலாமா? ரிஜிஸ்டர் செய்தே ஆகணுமா?

தக்கலை குமாஸ்தா:

அக்கா, நான் வக்கீல் ஆபீஸில் பல வருஷமாக இருக்கிறேன். முதலில் ஸ்ரீதனக் கணக்கு. நம்ம மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது, அங்கே 1916-இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் என்று வைத்திருந்தது. சித்தப்பா வீட்டில் பேசுவது அந்தக் காலத்துக் கணக்கு. அந்தச் சட்டத்தை எதிர்த்து மேரி ராய் என்ற பெண் போட்ட வழக்கில் 1986-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தபிறகு அது போயிற்று. இப்போது 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உங்கள் அப்பா ஒன்றும் எழுதாமல் போனால் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு, கல்யாணத்துக்குக் கொடுத்த நகையையும் பணத்தையும் அதில் கழிக்க முடியாது, அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் சுய சம்பாத்தியத்தை உயிலில் யாருக்கு எப்படி வேண்டுமானாலும் எழுத அப்பாவுக்கு உரிமை உண்டு. (இஸ்லாமியக் குடும்பங்களில் மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.)

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். ரிஜிஸ்டர் கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள், பிற்பாடு பட்டா மாற்றப் போகும்போதும் யாராவது தகராறு செய்யும்போதும் அது பெரிய பலம். இரண்டு சாட்சிகள் அப்பா கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்துத் தாங்களும் போடணும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: உங்கள் வீட்டுக்காரரைச் சாட்சியாகப் போட்டால் உங்களுக்கு எழுதியது செல்லாமல் போய்விடும், கிறிஸ்தவர்களுக்கு 67-ஆம் பிரிவு அப்படி. அண்ணன் மனைவியும் தங்கை மாப்பிள்ளையும் அதே மாதிரிதான். அப்பாவின் வயதுக்காரர்களையும் தவிர்த்துவிடுங்கள், நாளைக்கு ஒரு கேஸ் என்றால் சாட்சியில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்லணும். சபையில் நாற்பது வயதுக்காரர் யாராவது, பக்கத்தில் எப்போதும் பார்க்கிற டாக்டர், இப்படி இரண்டு பேர் நல்லது. டாக்டரே சாட்சி என்றால் அப்பா புத்தித் தெளிவோடு இருந்தார் என்பதற்கும் ஆள் ஆயிற்று.

பேங்க் டெபாசிட்டில் நாமினி யார் என்றும் பாருங்கள். நாமினி பணத்தை வாங்கிப் பொறுப்பில் வைக்கிற ஆள் மட்டும்தான், சொந்தம் உயில்படியோ வாரிசுப்படியோ போகும். இது தெரியாமல் நம்ம ஊரில் அண்ணன் தம்பி பேசாமல் போன வீடுகள் எத்தனையோ.

குலசேகரம் ரப்பர்:

உயிலெல்லாம் பிற்பாடு கேஸில்தான் போய் நிற்கும். அப்பா நடமாடும்போதே வீட்டை உங்கள் பெயரில் இஷ்டதானமாக (தானப் பத்திரமாக) எழுதி வாங்கிவிடுங்கள். பார்க்கிறது நீங்கள்தானே, பிரமாணம் (பத்திரம்) கையில் இருந்தால் ஒருத்தனும் கேட்க முடியாது.

தக்கலை குமாஸ்தா:

அண்ணே, மன்னிக்கணும், இதில் நான் ஒத்துவர மாட்டேன். இஷ்டதானம் எழுதிப் பதிந்த அன்றைக்கே சொத்து கைமாறிவிடும், உயிலை மாதிரி நினைத்தபோது கிழித்துப்போட்டு வேறு எழுத முடியாது. எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு அலைகிற பெரியவர்களை ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் 23-ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் பராமரிக்கணும் என்ற நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருந்தால்தான் வேலை சுலபம். அக்கா நல்லவர்தான், அதற்காக 79 வயதில் அப்பா சொந்த வீட்டில் அடுத்தவர் தயவில் இருக்கணுமா? வெளிநாட்டில் இருக்கிற மகனுக்குத் தெரியாமல் செய்தால் அந்தக் குடும்பம் அதோடு முடிந்தது.

வீட்டுக்கு வரும் நர்ஸ்:

அக்கா, சொத்து விஷயத்தைக் குமாஸ்தா அண்ணன் சொல்லிவிட்டார், நான் குழாய் விஷயத்தைச் சொல்கிறேன். அதை உயிலில் எழுதாதீர்கள். உயில் ஆள் போனபிறகு பிரிக்கிற காகிதம், ஐசியூ வாசலில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. அடக்கம் பற்றி எழுதினாலும் அப்படித்தான், பல வீட்டில் அடக்கம் கழிந்து பதினைந்து நாள் ஆனபிறகுதான் பீரோவைத் திறக்கிறார்கள். இதற்கு லிவிங் வில் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 2018 மார்ச் 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது, அப்போது மாஜிஸ்திரேட் முன்னால் போய்க் கையெழுத்துப் போடணும் என்று இருந்ததால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை, 2023 ஜனவரியில் அதை எளிதாக்கிவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர், அவ்வளவு போதும். தன்னால் பேச முடியாத நிலை வந்தால் தனக்காக முடிவு சொல்கிறவர் யார் என்று பெயர் எழுதணும், ஒருவருக்கு மேலும் எழுதலாம். நீங்களும் அண்ணனும் சேர்ந்து இருப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

காகிதம் இருக்கிறது என்பதற்காக டாக்டர் உடனே குழாயைப் பிடுங்கிவிட மாட்டார், அந்தப் பயம் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வேண்டாம். குணமாகும் வழியே இல்லை என்று ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவக் குழு பார்த்துச் சொல்லணும், அப்புறம் இரண்டாவது ஒரு குழுவும் ஒத்துக்கொள்ளணும், ஒவ்வொரு குழுவும் 48 மணி நேரத்துக்குள் சொல்லப் பார்க்கணும், முடிவு சொல்ல அப்பா யார் பெயரை எழுதினாரோ அவருடைய சம்மதமும் வேண்டும். நிமோனியா வந்தால் மருந்து கொடுக்க மாட்டார்கள் என்று ஒரு ஐயா என்னிடம் கேட்டார், அப்படியெல்லாம் இல்லவே இல்லை. மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்துகொள்ளலாம்.

எழுதும்போது "குழாய் வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. மூச்சுக்கு வென்டிலேட்டர், மூக்கு வழி சாப்பாட்டுக் குழாய், டயாலிசிஸ், நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிப்பது என்று ஒவ்வொன்றாக அப்பாவிடம் கேளுங்கள். வலிக்கு மருந்து கண்டிப்பாக வேண்டும் என்பதையும் எழுதுங்கள், அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருக்கிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து பாலியேட்டிவ் கேர் (வலி தணிக்கிற கவனிப்பு) கொடுக்கிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றால் வலியோடு சும்மா கிடக்கணும் என்று அர்த்தம் இல்லை.

பேச்சை எடுப்பதற்கு ஒரு யோசனை. உயிலில் தொடங்காதீர்கள், அம்மாவில் தொடங்குங்கள். "அம்மாவுக்கு வேறே எப்படிச் செய்திருக்கணும் என்று நினைக்கிறீங்க அப்பா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அந்தப் பேச்சு வந்துவிட்டால் மற்றது பின்னாலே வரும்.

கொல்லங்கோடு தம்பி:

அடக்கம் பற்றி மட்டும் சொல்கிறேன். சபைக் கல்லறைத்தோட்டம் என்றால் அம்மா பக்கத்தில் இடம் உண்டா என்று இப்போதே கமிட்டியில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எங்கள் ஊரில் பலரும் சொந்த விளையிலேயே அடக்கம் செய்வார்கள், பிற்பாடு நிலத்தை விற்கும்போது தாத்தா கல்லறையை என்ன செய்வது என்று பெரிய மனவருத்தம் ஆகும், அப்படி யோசனை இருந்தால் அந்த இரண்டு சென்டையும் வழிப்பாதையையும் உயிலில் தனியாக ஒதுக்கி எழுதணும். கண்தானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கணும், ஆகவே ஐஸ் பெட்டிக்குப் போன் செய்வதற்கு முன்னால் அதற்குப் போன் செய்கிற ஆள் யார் என்று முடிவு செய்து வையுங்கள்.

கருங்கல் மகள்:

எல்லோருக்கும் மனசார நன்றி. சிஸ்டர் சொன்னபடி அம்மாவில் இருந்துதான் தொடங்கினேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் "அவ கையைக் கட்டி வச்சிருந்தாங்க, அதுதான் எனக்குத் தாங்கல" என்றார். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க ஐசியூவில் கட்டியிருந்தார்கள். வீடியோ காலில் அண்ணனும் இருந்தான், அவனுக்கு இது தெரியாது. இரண்டு பேரும் அழுதார்கள், பிறகு அண்ணனே "என் பெயரையும் போடுங்கப்பா, நீங்க சொல்றதைத்தான் நான் சொல்வேன்" என்றான். உயிலுக்கும் சரி என்றுவிட்டார், வீடு எனக்கு, விளை மற்ற இரண்டு பேருக்கும் என்று அவர்கள் முன்னாலேயே சொன்னார். தங்கைக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அதை அவள் மறைக்காமல் சொன்னாள், டெபாசிட்டில் அவளுக்குக் கூட வைப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். ஒரு சந்தேகம், இரண்டு காகிதத்துக்கும் அதே இரண்டு சாட்சிகள் போதுமா?

தக்கலை குமாஸ்தா:

போதும் அக்கா, இரண்டுக்கும் அவர்களே இருக்கலாம், சொத்தில் பங்கில்லாதவர்களாக இருந்தால் சரி. லிவிங் வில்லுக்கு நோட்டரியிடம் போகும்போது சாட்சிகளும் கூடவே வரணும், எல்லோருடைய ஆதார் ஒரிஜினலும் கையில் இருக்கட்டும். மூன்று நகல் எடுங்கள், ஒன்று அப்பாவைப் பார்க்கிற டாக்டரிடம், ஒன்று அண்ணனுக்கு, ஒன்று பஞ்சாயத்து ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.