கொடையில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்ய மிக்ஸர் வயர் போதுமா?

அம்பைக்காரன்:
அண்ணாச்சிமாரே, இதுவரை கல்யாண வீட்டு நாதஸ்வரம்தான் பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். இப்போது நாங்குநேரிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வில்லுப்பாட்டை முழுதாகக் கேட்கிறார்கள். பம்பாயில் இருந்து கொடைச் செலவுக்கு வரிப்பணம் அனுப்புகிற சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கவாம். மைக்செட்காரர் மிக்ஸரில் இருந்து ஒரு வயர் தருகிறேன் என்கிறார். அது போதுமா? பணத்தை எப்போது வாங்குவது?

பாளை ஒலி:
போதாது தம்பி. மிக்ஸரில் பாடுகிறவர் குரல்தான் தூக்கலாக இருக்கும். குடமும் உடுக்கும் தானாகவே தெருமுனை வரை கேட்கும், மைக்செட்காரர் அதை ஏற்றவே மாட்டார். அந்த வயரை ஒரு டிராக்கில் வாங்கிக்கொண்டு, உன் மைக்கைத் தனியாக வை. வில்லிலேயே கட்டிவிடாதே, மணிச்சத்தம் காதைக் கிழிக்கும். குடத்தின் வாய்க்கு நேரேயும் வேண்டாம். குடத்தை அடிக்கும் மட்டை விழும்போது காற்று பம்மென்று வந்து மைக்கில் மோதும். பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி வை.

லெவலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் பாடும் காப்புப் பாட்டைக் கேட்டு லெவல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் தொலைந்தது. சாமியை வரவழைக்கும் வரத்துப் பாட ஆரம்பித்ததும் வில்லடி இறுகும், பெண்கள் குலவை போடுவார்கள், நையாண்டி மேளமும் சேர்ந்துகொள்ளும், வெடி வேறு. ரெக்கார்டரை 24 பிட்டில் வைத்து எடு. காப்பில் உச்சம் மைனஸ் 18 டெசிபல் அளவில் நிற்கட்டும். குறைந்த சத்தத்தைப் பிறகு ஏற்றலாம், லெவல் மீறி உடைந்த சத்தத்தை ஒட்ட முடியாது. அப்புறம், ரெக்கார்டர் பேட்டரியில் ஓடட்டும். ஜெனரேட்டர் எப்போது நிற்கும் என்று மாடனுக்கே தெரியாது.

வள்ளியூரான்:
பணத்தில் பாதி முன்பணம். மீதியைக் கொடை முடிவதற்குள் பொருளாளரிடம் வாங்கிவிடுங்கள். வரிக்கணக்கை முடித்துவிட்டால் அடுத்த கொடைக்குத்தான் பெட்டி திறப்பார்கள்.

அம்பைக்காரன்:
சரி அண்ணாச்சி. யூடியூபிலும் போட்டுத் தரச் சொல்கிறார்கள். போடலாமா?

பாளை ஒலி:
பாடுகிற புலவரைக் கேட்காமல் போடாதே. பதிவு செய்வதற்கே அவர் சம்மதம் வேண்டும். காசு கொடுப்பது கமிட்டி என்றாலும் 1957 பதிப்புரிமைச் சட்டம் 38-ஆம் பிரிவில் நிகழ்த்துகிறவருக்குத் தனி உரிமை உண்டு, 50 வருஷத்துக்கு. குடம், உடுக்கு, தாளக்காரர்களுக்கும் அப்படியே. மேடை ஏறும் முன்னே பேசி, சீட்டில் கையெழுத்து வாங்கு. யூடியூப் என்றால் அவர்களுக்கும் ஒரு தொகை தரச் சொல்லிக் கமிட்டியிடம் கேள். தயங்கினால் பென் டிரைவோடு நிறுத்திக்கொள்.